பதில் சொல்லாதவர்களைத் தேடிப்போன பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டத்தில் இருந்தபோது பிலோமினா அக்காவின் மகளின் செய்தி வந்தது: "அம்மா இண்டைக்கு விடிய போயிட்டா, அங்கிள்." எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கும் அழுகை வந்திருக்கும். எனக்கு அழுகையோடு பெருமையும் வந்தது. வென்றுவிட்டுப் போன மனிசி அவர்.

முன்பொருமுறை ஸ்காபரோவில் அவசர சிகிச்சைக்கு நேரே ஓடாமல் முதலில் தொலைபேசியில் பதிய, தாதி திரும்ப அழைத்து நேரம் தருகிற புதிய முறையைப் பரீட்சித்தார்கள். அதை மதிப்பிட்ட குழுவில் நான் அறிக்கை எழுதுபவன். அக்கா நோயாளிகளைக் கண்டு பேசுபவர். முறை வெற்றி என்று எழுதி முடித்திருந்தேன். அறிக்கை போனால் நகரம் முழுக்க அது அப்படியே நிரந்தரமாகிவிடும்.

"தாதி திரும்ப எடுக்கேக்க மறுமொழி சொல்லாத ஆக்களை என்னெண்டு எழுதினனீர்?" என்று கேட்டார் அக்கா.

"சுகமாயிட்டினம் எண்டு."

"ஆர் சொன்னது?"

எனக்குப் பொல்லாத கோபம். ஆனாலும் பதில் இல்லையென்று முதல்நாள் மூடிய அழைப்புகளின் பட்டியலோடு என்னை வெக்ஸ்போர்ட் பக்கத்து வீடுகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு ஐயா மூச்சிரைக்கக் கதவைத் திறந்தார். "நேற்றுக் காலமை மகன் போன் அடிச்சுப் பதிஞ்சவன். இன்னும் எடுக்கேல்லைப் பிள்ளை" என்றார்.

அழைத்திருந்தார்கள், மகனின் இலக்கத்துக்கு. ஆங்கிலத்துக்குப் பயந்து எங்கேயும் பிள்ளையின் இலக்கத்தைக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம்? பிள்ளைக்கு மிசிசாகாவில் வேலை, கைபேசி லொக்கருக்குள். இரண்டு அழைப்புக்கும் பதில் இல்லாததால் கணினி 'தேவை தீர்ந்தது' என்று மூடிவிட்டது. "மகன் வந்து கேட்டவன். சுகம் எண்டு சொல்லிப்போட்டன். களைச்சு வந்த பிள்ளை, பாவம்" என்றார் ஐயா. அக்கா அம்புலன்சை அழைத்தார். இதயத்தில் கோளாறு, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். என் அப்பாவின் கோப்பிலும் என் இலக்கம்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அறிக்கையைத் திருத்தினால் தாமதமாகும் என்று மேலிடத்தில் முனகினார்கள். "அப்ப என்ரை பேரை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ. வராத ஆள் சுகமான ஆள் இல்லை" என்றார் அக்கா. நான் முடிவுரையைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது தாதியின் முதல் கேள்வி, நோயாளிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களின் இலக்கம் என்ன என்பதுதான். அதைத் தமிழிலும் கேட்கிறார்கள். பதில் வராவிட்டால் அழைப்பை மூடக்கூடாது, வீட்டுக்கு ஆள் போகவேண்டும். திருத்திய முறைக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்று அக்கா மோர்னிங்சைட் கடையில் ரோல்ஸ் வாங்கி, குழு முழுவதற்கும் பிடிவாதமாக ஊட்டிவிட்டார்.

நேற்று மலர்ச்சாலையில் அக்காவுக்கு இறுதி அஞ்சலி செலுத்த வந்தவர்களின் வரிசையில் அந்த வெக்ஸ்போர்ட் ஐயா முன்னால் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, இப்ப எல்லா இடமும் என்ரை நம்பர்தான் குடுத்திருக்கிறன்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தில் ஒரு துண்டு. பதில் சொல்லாதவர்களின் கதவைத் தட்டிப் பார்க்காமல் இனி எந்த அறிக்கையிலும் 'வெற்றி' என்று எழுதமாட்டேன்.