பச்சப்பயறும் டிரில் பரீட்சையும்

டாருராட்டுன்னு சொல்வாங்களே, அவசர காலம், அப்ப நடந்தது இது. கெடாவுல கரங்கானுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். நான் கல்யாணம் ஆகி வந்து ரொம்ப நாளு ஆகல. இப்ப என்னப் பாக்குறவங்க, நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இதுக்கு ரெண்டு ஆளு வேணும் போலயேன்னு நெனப்பீங்க. அப்ப நான் குதிச்சா தோட்டமே நின்னு வேடிக்க பாக்கும்லா. நம்புறவங்க மேல படிங்க, நம்பாதவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க.

அந்த நேரத்துல நாங்க வரிசையா குடியிருந்த லயத்து வீடுங்கள சுத்தி கம்பி வேலி போட்டிருந்தாங்க. போக வர ஒரே ஒரு கேட்டு. காட்டுக்குள்ள துப்பாக்கியோட இருக்கறவங்களுக்குச் சாப்பாடு போயிடக் கூடாதுன்னு, வெளிய போற அத்தன பேரையும் தடவிப் பாத்துதான் விடுவாங்க. ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு மரவள்ளிக்கெழங்கு ஆப்புட்டாலும் ஜெயிலுதான். மரம் வெட்ட, அதாவது பாலு எறங்க ரப்பர் மரத்துப் பட்டையக் கீறப் போறவங்க காலி வயித்தோட போயி காலி வயித்தோடதான் திரும்பணும். வேலிக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடமும் திடலும். இத மறந்துடாதீங்க, பின்னால வேணும்.

பள்ளிக்கூடத்துல ஆம்பளப் புள்ளைங்களுக்கு டிரில் உண்டு. பொம்பளப் புள்ளைங்க செவத்த ஒட்டி நின்னு பாக்கும், அவ்ளோதான். ஆம்பள வாத்தியாரு முன்னால கையத் தூக்கிக் குதிக்க எந்த அப்பன் விடுவான்? ஒருநா காலையில பெரட்டுல, அதாவது வேலைக்குப் போகுமுன்ன எல்லாரும் வரிசையா நின்னு பேரு குடுப்போமே அங்க, பெரிய வாத்தியாரு வந்து நின்னாரு. கூலிம் டவுன்ல டிரில் டீச்சரு வகுப்பு ஆரம்பிக்கிறாங்க, சனி மத்தியானம், ஞாயித்துக்கெழம, வேலைய விடாம படிக்கலாம், பொம்பள யாராச்சும் படிச்சி பாஸ் பண்ணுனா நம்ம பொட்டப் புள்ளைங்களும் ஓடலாம்னாரு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறாங்க. என் கை எப்படி மேல போச்சின்னு எனக்கே தெரியல. கொசு அடிக்கத் தூக்கியிருப்பேன்னுதான் நெனக்கிறேன்.

வீட்டுக்கு வந்தா எங்க மாமியா அடுப்புக்கிட்ட உக்காந்து ஆரம்பிச்சிட்டாங்க.

"ஏண்டி, குதிக்கறதுக்குப் படிப்பா? தவள எந்த ஊருல சர்டிபிகேட்டு வாங்கிட்டு குதிக்கிது?"

"தவளைக்கு மாமியா இல்ல அத்தே, அதான் சும்மாவே குதிக்கிது"ன்னேன்.

என் வீட்டுக்காரரு பேச்சக் கொறச்சி செலவு பண்ற ஆளு. சட்டியப் பாத்துக்கிட்டே, "போயிட்டு வரட்டும்மா"ன்னாரு. அந்த வருசத்துக்கு அவரு பேசுனது அதுதான்.

அப்புறம் என்ன, காலையில மரம் வெட்டி, பால ஸ்டோர்ல எடை போட்டு ஊத்திட்டு, பால் நாத்தம் போகக் கைய தேச்சிக் கழுவிட்டு, சனிக்கெழமைன்னா தோட்டத்து லோரியில ஏறி கூலிம். உள்ளுக்குள்ள வீட்டுக்காரரோட சிலுவாரு, கால்சட்டதான், மேல பாவாட. எங்க மாமியா லயம் பூரா போயி, "எம்மவன் சிலுவாருக்கு இப்ப ரெண்டு பேரு"ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க.

வகுப்புல எங்க மாஸ்டரு ஒல்லியா, காலுல வெள்ளச் சப்பாத்து, விசிலு வாயில ஒட்டுன மாதிரியே இருப்பாரு. விசிலோடயே சோறு திங்கிறாரோன்னு எனக்கு ரொம்ப நாளு சந்தேகம். நான் படிச்சது மூணாவது. அவரு படத்தக் காட்டி ஒடம்புல எந்த எடத்துல எந்தச் சத இருக்குன்னு பாடம் எடுக்குறப்ப எனக்குக் கண்ணக் கட்டிடிச்சி. கரங்கான்ல கறிக்கட வச்சிருந்த பாய்தான் என்னக் காப்பாத்துனாரு. அவரு கடையில போயி நின்னு, "பாய், இது எந்த எடம், காலு மடக்குனா இது இழுக்குமா?"ன்னு ஆட்டப் பாத்தே கேட்டுக்கிட்டேன். "ஏம்மா, கறி வாங்க வந்தியா, ஆட்டுக்கு டிரில் சொல்லிக் குடுக்க வந்தியா?"ன்னாரு. வாய்ப் பரீட்சையில நான் பின்னந்தொடைய ஆட்டுக்குச் சொல்ற மாதிரி சப்பைன்னு சொல்லிட்டேன். மாஸ்டரு விசிலு கீழ விழுந்திருச்சி. ஆனாலும் பாஸ் போட்டாரு.

மிச்சம் இருந்தது ஒரே பரீட்சதான். நம்ம தோட்டத்துப் புள்ளைங்கள வச்சி, நம்ம திடல்லயே ஒரு பாடம் நடத்திக் காட்டணும். பினாங்குல இருந்து வெள்ளக்கார மிஸ் ஒருத்தங்க வந்து பாப்பாங்க. ஒரே தடவதான் வருவாங்க. இருட்டுமுன்ன போலீஸ் லோரியோட சேந்து திரும்பிடணும், ரோடு அப்படி. அன்னிக்கி கோட்ட விட்டா நான் திரும்ப பால் வாளிதான், பொட்டப் புள்ளைங்க திரும்ப செவத்தோரம்தான்.

பந்து வாங்க வக்கு ஏது? மாஸ்டரு சின்னச் சின்னத் துணிப்பை தைக்கச் சொன்னாரு. உள்ளங்கையில அடங்குற மாதிரி இருக்கும். வீசுறது, புடிக்கிறது, தலையில வச்சி நடக்குறதுன்னு எல்லாம் அத வச்சே சொல்லிக் குடுக்கலாம். பழைய கைலியக் கிழிச்சி தச்சி, ஆத்து மணல ரொப்புனேன். துணி நைஞ்சது, மணலு ஒழுகும். புள்ளைங்க கண்ணுல விழும், வீடெல்லாம் கொட்டும். "பரீட்சைக்குள்ள இந்த வீடு கடற்கர ஆயிடும்டி"ன்னு மாமியா தெனமும் கூட்டிக்கிட்டே திட்டுவாங்க.

பரீட்ச நாளு வந்திச்சி. புள்ளைங்க முன்னாடியே கேட்டத் தாண்டிப் போயி திடல்ல வரிச போட்டு நிக்கிதுங்க. அந்தப் பக்கம் காரும் வந்து நின்னிருச்சி. மிஸ் கொடையோட எறங்குறாங்க, கூட மாஸ்டரு. வேலிய ஒட்டி அப்பன் ஆத்தாளுங்க எல்லாம் வேடிக்க. நான் கூடையில பைய அடுக்கிக்கிட்டு, விசில கழுத்துல மாட்டிக்கிட்டு, ராணியாட்டம் கேட்டுக்கு வர்றேன்.

கேட்டுல காவலுக்கு மலாய்க்காரப் போலீஸ் கோப்ரல் ஒருத்தரு. மீச பெருசு, சிரிப்பு சிறுசு. தெனமும் எங்க வாளியத் தடவிப் பாக்குற ஆளு. கூடையில கைய விட்டு ஒரு பைய அமுக்குனாரு. இன்னொரு தடவ அமுக்குனாரு. அவரு மூஞ்சி மாறிப் போச்சி. இடுப்புக் கத்திய எடுத்து தையல ஒரு கீறு கீறுனாரு. பொலபொலன்னு பச்சப்பயறு மேசையில கொட்டுது.

நான் ரொப்புனது மணலு! அடுத்த பைய கீறுனாரு, அதுலயும் பயறு. சின்னச் சின்ன மூட்டையா கட்டி, கூடையில அடுக்கி, வேலிக்கு வெளிய! காட்டுக்குச் சாப்பாடு கடத்துறவங்க எப்படிக் கட்டுவாங்களோ அச்சு அசலா அப்படி.

"ஆப்பா இனி?"ன்னாரு. என்னா இதுன்னு கேக்குறாரு.

அப்பத்தான் பின்னாலருந்து எங்க மாமியா முந்தானைய சொருவிக்கிட்டு ஓடி வர்றாங்க.

"நாந்தான் போட்டேன்! அவளுக்குத் தெரியாது! மணலு ஒழுகி, வெள்ளக்காரி முன்னால எம்மருமவ மானம் போயிடப் போவுதேன்னு, அவ தூங்குனப்பறம் நாந்தான் பயறு மாத்தித் தச்சேன்!"

இத்தன நாளா தவளன்னு திட்டுன மனுசி! எனக்கு அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியல. "அத்தே, சாப்பாட்டுச் சாமான் ஆச்சே, யோசிக்கலியா?"ன்னேன்.

"அது பந்துடி! பந்துக்குள்ள கெடக்குறத எவன் திங்கப் போறான்?" அப்படியே கோப்ரலப் பாத்துத் திரும்பி, எனக்கும் தெரியாத மலாயில ஒரு சண்ட. அதோட சாரம் இதுதான்: "நல்லாப் பாரு தம்பி, அவ காலு ரெண்டும் கேட்டுக்கு உள்ளதான் நிக்கிது. எங்க வீட்டுப் பயறு எங்க வேலிக்குள்ளதான் இருக்கு. அவ எங்க கடத்துனா?"

கோப்ரலு என் காலக் குனிஞ்சி பாத்தாரு. நெசந்தான், உள்ளதான் நிக்கிறேன். ஆனா அவரு கண்ணுல சந்தேகம் போகல. வெளையாட்டுக்குன்னா ஏன் இத்தன பைன்னு கைய விரிச்சி கேக்குறாரு. அங்க திடல்ல மிஸ் கைக்கடிகாரத்தப் பாக்குறாங்க. மாஸ்டரு இங்கயும் அங்கயும் தலையத் திருப்புறாரு.

வெளக்கிச் சொல்ற அளவுக்கு எனக்கு மலாய் தெரியாது. ஒரு பைய எடுத்தேன். "என்சே, சம்புட்!"ன்னு சொல்லி அவரு நெஞ்சுக்கு நேரா வீசிட்டேன். என்சேன்னா ஐயா, சம்புட்டுன்னா புடின்னு அர்த்தம்.

துப்பாக்கி வச்சிருக்கற ஆளு மேல பொருள வீசலாமான்னு கேக்காதீங்க. ஒரு கையில துப்பாக்கி, இன்னொரு கை தானா மேல வந்து டபக்குன்னு புடிச்சிருச்சி. வேலியோரம் நின்ன கூட்டம் ஓன்னு கத்துது. அவரு கையில இருக்குற பையப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. "இப்ப எனக்குப் போடுங்க"ன்னு கைய நீட்டுனேன். போட்டாரு. கோணலாப் போச்சி.

"கையப் பாக்காதீங்க என்சே, போற எடத்தப் பாருங்க"ன்னு எனக்குத் தெரிஞ்ச ஓட்ட மலாயில சொன்னேன். ரெண்டாவது தடவ நேரா வந்திச்சி.

மீசைக்குக் கீழ ஒரு சிரிப்பு வந்திச்சி பாருங்க. "பாய்க்லா, சிக்கு"ன்னாரு. பாய்க்லான்னா சரி, சிக்குன்னா மலாயில டீச்சரு. பரீட்ச ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன டீச்சருன்னு கூப்புட்ட மொத ஆளு அவருதான்.

ஆனா பயறு மட்டும் வெளிய போகாதுன்னுட்டாரு. சட்டம் சட்டம்தானே. பயற எல்லாம் மாமியா முந்தானையில கொட்டியாச்சி. இப்ப கூடையில வெறும் துணி. வெறும் துணிய வச்சி என்னத்த வீசுறது?

அது ரப்பர் கொட்ட வெடிச்சி விழுற காலம். எங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்கு சட்டப்பையில கொட்ட இல்லேனா அன்னிக்கி ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். வரிசையில நிக்கிறப்ப கடகடன்னு சத்தம் வருதேன்னு நானே எத்தனையோ தடவ திட்டியிருக்கேன். கேட்டுல நின்னே விசில ஊதுனேன். "எல்லாரும் சட்டப்பையில இருக்குற கொட்டையக் கொண்டாந்து இங்க கொட்டிட்டு, ஓடிப் போயி வரிசையில நில்லுங்க! எந்த வரிச மொதல்ல முடிக்கிதுன்னு பாப்போம்!"

ஓடி வந்தாங்க பாருங்க! மேச ரொம்பிப் போச்சி. மாமியா முந்தானையில எப்பவும் ஊசி நூலு குத்தி வச்சிருப்பாங்க. பயறு மூட்டைய மடியில கட்டிக்கிட்டு, கேட்டுக்கு உள்ள தரையில உக்காந்து, கொட்டைய ரொப்பி வாயத் தைக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் வெறுங்கையோட கேட்டத் தாண்டித் திடலுக்குப் போனேன்.

பை ஒண்ணு தச்சி முடிக்கிற வரைக்கும் நான் சும்மா நிக்க முடியுமா? அதையே பந்தயமாக்கிட்டேன். பொட்டப் புள்ளைங்கள ரெண்டு வரிசையா பிரிச்சேன். ஒரு புள்ள திடல்ல இருந்து ஓடணும், ரோட்டத் தாண்டி கேட்டுக்குப் போயி, மாமியா கையில இருந்து பைய வாங்கணும். கோப்ரலு முன்னால பைய நீட்டணும். அவரு அமுக்கிப் பாத்து, "ஓக்கே, ஜாலான்!"னு, அதாவது போன்னு, சொன்னாத்தான் திரும்பி ஓடியாரணும். வந்து அடுத்த புள்ள கையத் தட்டணும். பை இன்னும் ஆகலேனா அந்த எடத்துலயே குதிச்சிக்கிட்டு நிக்கணும். மொதல்ல கோப்ரலு மெதுவா அமுக்குனாரு. கொஞ்ச நேரத்துல அவருக்கும் சூடு புடிச்சிருச்சி. ஒரு வரிசைக்குச் சாதகமா வேகமா அமுக்குறாருன்னு இன்னொரு வரிச சண்டைக்குப் போகுது. "சீக்கிரம் தைங்க பாட்டி!"ன்னு புள்ளைங்க கத்த, "கத்துனா கோணலாத் தைப்பேன்!"னு மாமியா திருப்பிக் கத்த, வேலியோரம் நின்ன அப்பன்மாருங்க, எம்மவள வெளிய விட மாட்டேன்னு சொன்னவங்கதான், "ஓடுடி! அப்படித்தாண்டி!"ன்னு கம்பியப் புடிச்சி ஆட்டுறாங்க.

பை எல்லாம் வந்து சேந்தப்பறம் வீசுறது, புடிக்கிறது, தலையில வச்சி நடக்குறதுன்னு பாடத்துல இருந்தது பூரா நடத்தி முடிச்சேன். ஒரு பை கூட ஒழுகல. மாமியா தையலாச்சே.

மிஸ் மாஸ்டருகிட்ட என்னமோ கேட்டாங்க. மாஸ்டரு எங்கிட்ட வந்து, "கேட்டுல உக்காந்து தச்ச அம்மா யாரு, அந்தப் போலீஸ்காரரு யாரு, பாடத்துல அவங்கள எப்படிச் சேத்தீங்கன்னு மிஸ் கேக்குறாங்க"ன்னாரு.

நான் கண்ணச் சிமிட்டாம, "ரெண்டு பேரும் என் அசிஸ்டெண்டுங்க, மாஸ்டர்"னேன்.

மாஸ்டருக்கு எல்லாம் புரிஞ்சிருச்சி. ஒதட்ட இறுக்கிக்கிட்டு அப்படியே வெள்ளக்காரப் பாஷையில சொன்னாரு. மிஸ் திரும்பி கேட்டப் பாத்தாங்க. கோப்ரலு என்னா ஏதுன்னு தெரியாமயே ஒரு சல்யூட்டு அடிச்சாரு பாருங்க! மாமியாவும் ஊசி புடிச்ச கையத் தூக்கி ஒரு சல்யூட்டு. மிஸ் சிரிச்சிக்கிட்டே எங்கிட்ட வந்து கையக் குலுக்குனாங்க. பாஸ்!

பொட்டப் புள்ளைங்க என்னத் தூக்கப் பாத்தாங்க, முடியல. அப்பயே எனக்கு நல்ல ஒடம்புதான்.

அந்தப் பயற மாமியா கஞ்சியாக் காச்சி, வேலிக்கு உள்ளயே புள்ளைங்கள உக்கார வச்சி ஊத்துனாங்க. கோப்ரலுக்கும் ஒரு மங்கு நெறைய கஞ்சி போச்சி. சர்டிபிகேட்டு வந்தப்பறம், "பாதி என்னுது"ன்னு சொல்லி அவங்க கட்டிலுக்கு மேலயே மாட்டிக்கிட்டாங்க. கண்ண மூடுற வரைக்கும் கழட்ட விடல. நானும் கேக்கல, கணக்குப்படி அது முக்கா பங்கு அவங்களுதுதான்.

அதுக்கப்பறம் ரொம்ப வருசம் டிரில் டீச்சரா இருந்தேன். எங்கிட்ட ஓடுன புள்ளைங்க சுங்கைப்பட்டாணி திடலு வரைக்கும் போயி ஜெயிச்சி வந்தாங்க. இப்ப அவங்க பேத்திமாருங்க கூலிம் ஹைடெக் பூங்கா ஃபேக்டரியில வேல முடிச்சிட்டு, சாயந்தரம் காசு கட்டி ஜிம்முல குதிக்கப் போறாங்களாம். எங்க மாமியா இருந்திருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாங்க.

இன்னிக்கும் எந்த வாசல்லயாச்சும் ஒருத்தர் கைய நீட்டி மறிச்சா, எனக்கு மொதல்ல பயம் வராது, அந்தக் கைதான் கண்ணுல படும்; ஏதாவது ஒண்ண நல்லபடியா வீசுனா மறிக்கிற கையும் புடிக்கும், புடிச்சிட்டா அந்த ஆளும் நம்ம வரிசதான்.