பெர்சிஸின் மின்சாரக் காரில் ஈரத்தோடு ஏறலாம்

குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவுக்கு முதல் மின்சாரக் கார் வந்தது 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. வாங்கியவள் எதிர்வீட்டு பெர்சிஸ், வயது நாற்பத்தொன்று. தென்காசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது ஆண்டுகள் கற்றுக்கொடுத்தவள். அவளிடம் படித்து லைசென்ஸ் எடுத்தவர்கள் 614 பேர். அங்குள்ள பதிவேட்டைப் பார்த்து நானே எண்ணினேன். பிறருக்குக் கற்றுக்கொடுத்தது போதும், இனி சொந்த டாக்ஸி ஓட்டுவேன் என்று வேலையை விட்டு இறங்கினாள்.

வாங்காதே என்றவர்களில் நானும் ஒருவன். விலை பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதே அளவு பெட்ரோல் கார் இரண்டே முக்கால் லட்சம் குறைவு. "ஒரு வருஷம் பொறும்மா, விலை இறங்கும்" என்றேன். மார்ச் மாதமே கம்பெனி எழுபதாயிரம் இறக்கிவிட்டது. தெருவில் ஆளாளுக்கு அவளிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"பொறுத்திருந்தா எழுபதாயிரம் மிச்சந்தான் மாமா. இந்த ரெண்டு மாசம் ஓடுன ஓட்டத்தை யாரு தருவா?" என்றாள்.

அதையும் பார்த்தேன். மின் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ரீடிங் எடுத்தவன் நான். அவள் காருக்கென்று வைத்த தனி மீட்டரையும் நான்தான் குறித்துவந்தேன். இரண்டு மாதத்தில் 7,900 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்று யூனிட். பெட்ரோலில் ஓடியிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால், அந்த எழுபதாயிரத்தில் பாதிக்கு மேல் ஈடாகியிருந்தது. முழுதும் ஈடாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதம் அறுபது கிலோமீட்டர் போகிற என்னைப் போன்றவனுக்கு இந்த விலை வீண். நாளுக்கு நூற்றுமுப்பது ஓட்டுகிறவளுக்கு அப்படியல்ல.

ஆனால் குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் வேறொரு சிக்கல் வந்தது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் துவட்டிக்கொள்வது அபூர்வம். எண்ணெயும் தண்ணீரும் சொட்டச் சொட்ட அப்படியே காரில் ஏறுவார்கள். பெர்சிஸின் காரில் மின்சார வண்டிக்கான பச்சை நம்பர் பலகையைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். கரண்டு வண்டியில் ஈரத்தோடு உட்கார்ந்தால் ஷாக் அடிக்காதா என்று கேட்டார்கள். முதல் வாரத்தில் இருபத்தாறு பேர் ஏறாமல் பின்னால் நின்ற வண்டிக்குப் போனார்கள்.

ஜூன் 21, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. மெயின் அருவி டாக்ஸி ஸ்டாண்டு. கார் ஓடும் கிலோமீட்டரைக் குறிக்க அவளோடு நானும் போயிருந்தேன். ஸ்டாண்டுத் தலைவர் வல்லிநாயகம் குடையோடு வந்தார்.

"யம்மா பெர்சிஸ், சீசன் முடியுற மட்டும் நீ வரிசையில நிக்க வேண்டாம். ஒருத்தனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஸ்டாண்டுக்கே கெட்ட பேரு."

சீசன் மூன்று மாதம். வருஷத்தில் பாதிச் சவாரி அதில்தான். வரிசையை விட்டுப் போனால் காரை விற்க வேண்டியதுதான். மின்சாரக் காரைப் பழையதாக வாங்க தென்காசியில் ஆள் இல்லை.

பெர்சிஸ் குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஒரு சவாரி அண்ணாச்சி. நீங்களே நனைஞ்சுட்டு வந்து ஏறுங்க. ஷாக் அடிச்சா நானே வண்டிய எடுத்துட்டுப் போயிருதேன்."

"நானா?"

"தலைவர் குளிச்சு எத்தனை நாளாச்சோ! போங்க அண்ணாச்சி, ஒரே வேலையா முடியட்டும்" என்றான் ஒரு டிரைவர். ஸ்டாண்டே சிரித்தது.

ரோசம் வந்துவிட்டது. குடையை என்னிடம் தந்துவிட்டு அருவிக்குப் போனார். கால்மணி நேரத்தில் வேட்டியிலிருந்து தண்ணீர் ஓட வந்து நின்றார். இஸ்திரிப் பெட்டி சுடுகிறதா என்று பார்ப்பதுபோல், கதவை ஒரு விரலால் தொட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு முழுக் கையையும் வைத்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்; அவர் பின்சீட்டில் ஏறினார். ஆனால் காலைத் தரையில் ஊன்றவில்லை. இரண்டையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணும்மா."

"பண்ணியாச்சு அண்ணாச்சி."

"சத்தத்தையே காணுமே?"

"வெளியே பாருங்க, ஐந்தருவி ரோட்டுல போய்க்கிட்டிருக்கோம்."

சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய இடத்தில் மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தருவியில் வண்டி திரும்பும்போது ஒரு காலைக் கீழே வைத்தார். பழத்தோட்டம் தாண்டியதும் மற்றதையும் வைத்தார். அதன்பின் சாய்ந்து உட்கார்ந்து, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு ஓடுது?" என்று விசாரித்தார். கம்பெனி சொன்னது 390, நான் குறித்த சராசரி 301 என்றேன். "கம்பெனிக்காரன் எப்பவும் அப்படித்தான்" என்றார், தானே ஓட்டிப் பார்த்தவர்போல.

ஸ்டாண்டுக்கு வந்து இறங்கும்போது பதினொன்று இருபத்தைந்து. இறங்கியவர் வேட்டியைப் பிழியத் தொடங்கினார். அதற்குள் ராயகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஆறு பேர், நனைந்த துணியோடு வரிசையின் முதல் வண்டியைத் தேடி வந்தது. முதல் வண்டி இவளுடையதுதான். அந்த வீட்டு அம்மா பச்சைப் பலகையைப் பார்த்துத் தயங்கினார்.

"ஏம்ப்பா, இது கரண்டு வண்டிதானே? ஈரத்தோட ஏறலாமா?"

வல்லிநாயகம் முந்திக்கொண்டார். வேட்டியைப் பிழிந்தபடி சொன்னார்: "இந்தா, என்னைப் பாருங்க ஆச்சி. இந்த ஸ்டாண்டுக்கே தலைவர் நான். இதுல போய்ட்டுத்தான் வாரேன், செத்தா போனேன்? சும்மா ஏறுங்க!"

ஆறு பேரும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். டிரைவரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் அனுமதி என்று பெர்சிஸ் இரண்டு பேரை இறக்கி அடுத்த வண்டிக்கு அனுப்பினாள். அவள் வண்டி அரவமில்லாமல் நகர்ந்து, மழையில் கூட்டத்துக்கு நடுவே வழி கண்டு போயிற்று. எனக்கு இடமில்லாததால் நான் பஸ்ஸில் வீடு திரும்பினேன். வழியெல்லாம், அருகில் உட்கார்ந்தவர்களிடம், அது எங்கள் தெருக் கார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.