யானைக்கு இடது காது பெரிது

என் சகலை ஒரு பாட்டில் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் செக்கராக இருந்தவர். கண்ணாடி பாட்டில். உலையிலிருந்து வந்து ஆறின பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக ஊர்ந்து வரும். அதற்குப் பின்னால் வெள்ளை வெளிச்சப் பலகை. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கழுத்தில் மயிரிழை விரிசலோ, அடியில் கடுகளவு குமிழோ கண்ணில் பட்டால் கை தானாக நீளும். அடுத்த நொடி அந்தப் பாட்டில் தொட்டியில் விழுந்து உடையும். கம்பெனியில் இவருக்கு லென்ஸ் என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான். ஆனால் வீட்டில் யாரும் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

காரணம், வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. எதைப் பார்த்தாலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மனைவி வைக்கிற குழம்புக்கு ஆறு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஐந்தரை. மகள் முதல் நாள் வேலைக்குக் கிளம்பி வாசலில் வந்து நின்றபோது ஏழு. செருப்பு வார் முறுக்கிக்கொண்டிருந்ததாம். எட்டு, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு பல் டாக்டருக்குத்தான் கிடைத்தது. பத்து என்பது அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

நான் பெயின்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கு அடித்துக் கொடுத்தேன். சொந்தக்காரர் வீடாயிற்றே என்று பட்டி இரண்டு தடவை இழுத்து, தேய்த்து, பிரைமர் போட்டு, இரண்டு கோட்டு அடித்தேன். முடித்த அன்று லென்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். படுக்கையறைக் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால், கீழ்க் கீலுக்கு அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. "ஏழு" என்றார். "இருங்க, பிரஷ்ஷ எடுத்துட்டு வரேன்" என்றேன். "வேணாம், இருக்கட்டும். மார்க் போட்டாச்சு" என்றார். இன்று வரை அந்த இடம் அப்படியே இருக்கிறது. போகும்போதெல்லாம் காட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதரோடு ஒரே கப்பலில் ஐந்து நாள். அவர் மகள் செய்த ஏற்பாடு. அக்காள் தங்கை இருவரும் சேர்ந்து எங்குமே போனதில்லையே என்று எங்கள் நாலு பேரையும் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டு, அவள் கெட்டிக்காரி, வேலை இருக்கிறதென்று கரையிலேயே நின்றுகொண்டாள். போதாததற்கு அப்பாவுக்கு மீன் படம் போட்ட ஒரு அரை டிராயரும் வாங்கிக் கொடுத்திருந்தாள். மஞ்சள் துணியில் நீல மீன்கள். அதற்கு லென்ஸ் மூன்று போட்டார். மீனுக்கெல்லாம் கண் ஒரே பக்கம் இருக்கிறதாம்.

கப்பலுக்கு ஐந்து. கடலுக்கு ஏழு. "கடலுக்கு எதுக்கு சகலை மூணு கழிச்சீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஓரத்துல கலங்கலா இருக்கு பாரு" என்றார்.

எங்கள் இரண்டு அறைகளும் எதிரெதிரே. இரண்டையும் பார்த்துக்கொண்ட அறைக்காரர் என் வயசுக்காரர், முன்வழுக்கை, ஒல்லி. நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் படுக்கையை விரித்து, கழிவறையைக் கழுவி, துண்டை மடித்து ஒரு மிருகம் செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார். முதல் நாள் முயல். பிறகு குரங்கு, அன்னம். நாலாம் நாள் யானை. என் மனைவி அதைக் கலைக்க மனசு வராமல் நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எதிர் அறையில் லென்ஸ் தன் யானையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் சாயங்காலம். மறுநாள் காலை இறங்க வேண்டும். பெட்டிகளை அன்று இரவே ஏழரைக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும், அவர்கள் எடுத்துப்போய்த் துறைமுகத்தில் கொடுப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். மகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று மதியமே லென்ஸை அந்த மீன் டிராயரில் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டு, பெண்கள் இருவரும் சூரியன் இறங்குவதைப் பார்க்க மேல்தளத்துக்குப் போய்விட்டார்கள். நான் லென்ஸின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் டிராயரோடு நின்று பெட்டியில் சட்டைகளை ஓரம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் போட்டுக்கொள்ள ஒரு பேன்டும் சட்டையும் கொக்கியில் தொங்கின. அடியில் ஷூ.

அறைக்காரர் பெட்டியில் கட்டுகிற சீட்டுகளைக் கொண்டுவந்தார். "அண்ணே, அறை நம்பர் போட்டிருக்கு. கைப்பிடியில சுத்திக் கட்டிடுங்க."

லென்ஸ் நிமிர்ந்தார். முகத்தில் பெரிய தர்மம் செய்த களை. "உங்களப் பத்தி ஃபாரம் குடுத்திருந்தாங்கல்ல? காலையிலயே எழுதிப் போட்டுட்டேன். உங்களுக்கு எட்டு. நான் சும்மா யாருக்கும் எட்டு போடறதில்ல."

அந்த மனிதர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு, மீதிச் சீட்டுகளை மேஜையில் வைக்க வந்தவர் கையிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பின்னாலேயே போனேன். நடைபாதையில் துணி வண்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒன்னுமில்லண்ணே."

"எட்டு குறைச்சலா?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்தக் கப்பலில் ஒன்பதுக்குக் கீழே எது வந்தாலும் புகார்தான். எட்டும் புகார், ஒன்றும் புகார். அவர் பேரில் போன மாசம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இந்தப் பயணத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இரண்டாவது புகார் வந்தால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

"வீடு கட்டிட்டு இருக்கேண்ணே. சுவரு நிக்குது, கூரை இல்ல. இன்னொரு தடவ கூப்பிட்டாங்கன்னா போட்டுடுவேன். சாரு நல்ல மனசோடதான் போட்டாரு. அவருகிட்ட எதுவும் சொல்லாதீங்க."

கூரை இல்லாத சுவர் மழையில் என்ன ஆகுமென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழும். அப்புறம் எந்தப் பெயின்டும் நிற்காது. "ஃபாரம் போட்ட பெட்டிய எப்போ திறப்பாங்க?" என்றேன். வரவேற்பு மேஜையில் இருக்கும் ஃபாரப் பெட்டியை எட்டு மணிக்குத் திறப்பார்களாம். அப்போது மணி ஆறே முக்கால்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். "எதுக்கு சகலை ரெண்டு கழிச்சீங்க?"

"கண்ணாடியில கீழ இடது மூலையில ஒரு பொட்டு. அதுக்கு ஒன்னு. யானைக்கு இடது காது பெருசு. அதுக்கு ஒன்னு."

"துண்டு யானைக்கா?"

"எந்த யானையா இருந்தா என்ன?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் முகம் சுருங்கித்தான் போனது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. "அதுக்காக? இருக்கற குறைய இல்லன்னு எழுதச் சொல்றியா? ஒரு தடவ அப்படித்தான்..."

"தெரியும், தெரியும்."

தெரியாமல் என்ன, நாற்பது தடவை கேட்ட கதை. ஒரு தடவை, லாரி காத்திருக்கிறதென்று சூப்பர்வைசர் அவசரப்படுத்த, சந்தேகமான ஒரு வரிசையை இவர் விட்டுவிட்டார். அதில் ஒரு பாட்டில் சரக்கு நிரப்புகிற இடத்தில் வெடித்து, அங்கே வேலை செய்த அம்மாவுக்கு இரண்டு விரலில் நரம்பு அறுந்தது. இவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவந்தார். அதிலிருந்துதான் இந்த மார்க் வியாதி. அது எனக்குப் புரியாமலில்லை. புரிந்தால் மட்டும் ஐந்து நாள் கூட இருந்துவிட முடியுமா?

"சரி, ஒன்னு கேக்கறேன். பெல்ட்டுல வர்ற பாட்டிலுக்கு நீங்க பத்துக்கு எத்தனைன்னா போட்டீங்க?"

"பாட்டிலுக்கு எதுக்கு மார்க்கு? ஒன்னு பாஸு, இல்ல தொட்டி."

"நிறம் லேசா மங்கலா இருந்தா?"

"அதெல்லாம் பாஸு. தண்ணி நிக்குமா, வெடிக்காதா, அவ்வளவுதான்."

"இங்கயும் அதேதான்யா! ஒன்பதும் பத்தும் பாஸு. மத்ததெல்லாம் தொட்டி. காது பெருசா இருக்குன்னு ஒரு ஆளத் தூக்கித் தொட்டியில போட்டிருக்கீங்க!" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அந்த யானை வெடிச்சு யாரு கை போகப்போகுது?"

லென்ஸ் கட்டிலில் உட்கார்ந்தார். கையிலிருந்த சட்டையை நாலாய் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் எழுந்து, "அப்படின்னா அத ஃபாரத்துல போட்டிருக்கணும்ல?" என்று என்னைத் திட்டினார். நான் என்னவோ அச்சடித்தவன் மாதிரி. பெட்டியைத் திறந்தபடியே போட்டுவிட்டு, மீன் டிராயரோடு கிளம்பினார்.

கீழே வரவேற்பில் கூட்டம். எங்கள் முறை வரும்போது ஏழு இருபது. கறுப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் பூட்டுப் போட்ட ஃபாரப் பெட்டி.

"போட்டத எடுக்க முடியாது சார்."

"எடுக்க வேணாம்மா. உங்க ஃபாரமே தப்பு."

"எங்க சார் தப்பு?"

"பத்து கட்டம் எதுக்கு? உங்களுக்கு வேண்டியது ரெண்டுதானே? எட்டுன்னு ஒரு கட்டத்த நீங்களே போட்டுட்டு, அதுல டிக் பண்ணினா ஆள வீட்டுக்கு அனுப்புவீங்களா? அளவே கோணலா இருந்தா அளக்கறவன் என்ன பண்ணுவான்?"

பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் மீன் டிராயரைப் பார்த்துத் தன் மனைவியின் தோளில் தட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சகலை, விஷயத்துக்கு வாங்க" என்றேன். "விஷயமே இதுதான்" என்றார்.

நல்லவேளை, அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இருந்தது. "ஒரு அறையிலருந்து ரெண்டு ஃபாரம் வந்தா கடைசியா வந்ததத்தான் சேர்ப்போம் சார். நேரம் போட்டுப் புதுசா ஒன்னு குடுங்க" என்று நீட்டினாள்.

லென்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். பேனா முனை பத்தாம் கட்டத்துக்கு மேலே ஆடுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. மெல்ல இடது பக்கம் நகர்ந்தது.

"ஒன்பதும் பாஸுதானே?"

"பத்து!" என்றேன். வரிசையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பத்தில் டிக் போட்டார். அதோடு விட்டாரா? கீழே கருத்து என்றிருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தார். யானைக் காதைத்தான் எழுதுகிறாரோ? தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். "காலையில் கொடுத்த மார்க் தவறு. தவறு செக்கருடையது, சரக்குடையது அல்ல." கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, பழக்கதோஷம், செக்கர் எண் 14.

தன் தவறு என்று அவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதையும் ஒரு துண்டு யானைக்காக.

மேலே வந்தபோது நடைபாதை காலி. ஒரு பெட்டியும் இல்லை. அறைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார்.

"அண்ணே, ஏழரை ஆயிடுச்சு, உங்களக் காணோம். விட்டா நாளைக்கு நீங்களே சுமக்கணும். அதான் நானே எல்லாத்தயும் எடுத்து வச்சு, மூடி, சீட்டு கட்டி அனுப்பிட்டேன். ஒரு சாமான் விடல."

லென்ஸ் அறைக்குள் போனார். நானும் போனேன். கொக்கி காலி. பேன்ட் இல்லை, சட்டை இல்லை, கீழே ஷூ இல்லை. உண்மையிலேயே ஒரு சாமான் விடவில்லை. மிஞ்சியது உடம்பில் இருந்த பனியனும் மீன் டிராயரும், காலில் ரப்பர் செருப்பும்.

"என்னண்ணே, ஏதாச்சும் விட்டுப்போச்சா?" அறைக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

லென்ஸ் கொக்கியைப் பார்த்தார். "ஒன்னும் விடல. சரியா இருக்கு. நீங்க போங்க."

அவர் போனதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "சகலை, எட்டு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. காது பெருசா இருந்ததுக்கே ஒன்னு கழிச்சீங்க. இதுக்கு எத்தனை? இன்னொரு ஃபாரம் வாங்கிட்டு வரட்டா?"

"பாஸ் பண்ணினது பாஸ்" என்றார்.

பெண்கள் வந்ததும் லென்ஸின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதோடவா நாளைக்கு இறங்கப் போறீங்க? எம் மானமே போகும்!" என் மனைவி என் பேன்டைக் கொடுக்கச் சொன்னாள். நான் உடுத்தியிருந்த அந்த ஒன்றுதான் எனக்கும் மிச்சம். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் எதோடு இறங்குவது?

காலையில் இறங்குகிற வரிசையில் முன்னூறு பேருக்கு நடுவே லென்ஸ் மீன் டிராயரோடு நின்றார். படமெடுத்தவர்கள் எடுத்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தார். படிக்கட்டு ஓரத்தில் அறைக்காரர் காத்திருந்தார்.

"கூப்பிட்டாங்களா?" என்றார் லென்ஸ்.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்கண்ணே" என்றவர் கண் கீழே போனது. "நீங்க ஏன் இப்படி..."

"காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லி நடையைக் கட்டினார்.

மனுஷன் இளகியிருக்கிறார், இதுதான் சமயம் என்று நான் பக்கத்தில் போய் மெல்ல ஆரம்பித்தேன். "சகலை, உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி பெயின்ட்டு... அதுக்கும் இப்போ..."

"ஏழு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "உனக்குத்தான் கூரை இருக்கே."