குச்சியும் வெடிக்காத குழாயும்

அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தது கூடப் படித்த பையன்கள். அலுவலகத்துக்கு வந்தபோது அது தேய்ந்து வெறும் குச்சி ஆகிவிட்டது. ஆள் அவ்வளவு ஒல்லி. பெல்ட்டில் கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை போதாமல், ஆணியைச் சுடவைத்துத் தானே ஓட்டை போட்டுக்கொண்டவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் அம்மாவோடு ஒரு மாடிவீட்டில் இருந்தார். என்ன வேலை என்று கேட்டால் "ஆஸ்பத்திரி லைன்" என்பார். சொன்னதுதான் தப்பு. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் டாக்டராகிவிட்டார்.

பெரியப்பாவுக்கு முழங்கால் வலித்தாலும் சித்திக்கு ஏப்பம் வந்தாலும் போன் இவருக்குத்தான். இவரும் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பார்.

"இதைச் சொல்றதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

உண்மையில் அவர் நோய்க்கு நம்பர் போடுகிறவர். மெடிக்கல் கோடிங் என்பார்கள். டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உண்டான நம்பரைத் தலையணை சைஸ் புத்தகத்தில் தேடி, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இந்தத் தொழிலில் பெரிய பாவம் ஒன்று உண்டு. டாக்டர் எழுதாத நோய்க்கு நம்பர் போடுவது. நோயாளி கண்ணெதிரே இருமினாலும், டாக்டர் எழுதவில்லை என்றால் அந்த இருமல் உலகத்திலேயே இல்லை.

சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேட்கலாம். அதற்கும் சட்டம் உண்டு. பதிலை அவர் வாயில் திணிக்கிற மாதிரி கேட்கக் கூடாது. இதுவா, அதுவா, வேறு ஏதாவதா, இப்போது சொல்ல முடியாதா என்று நாலு கதவையும் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். குச்சிக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

"அம்மா, சாயங்காலத்துக்கு காபியா, டீயா, வேற ஏதாவதா, இல்ல இப்ப சொல்ல முடியாதா?"

"ஒரு அறை விட்டா எப்படி இருக்கும்? அதையும் சேத்துக்கோ."

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பெண் கிடைத்தது இதே அலுவலகத்தில்தான். ஆடிட் மேடம். மற்றவர்கள் போட்ட நம்பரைச் சரிபார்த்துப் பிழை பிடிப்பது அவர் வேலை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். குச்சிக்கு மட்டும் வேறு எங்கோ கலக்கியது. அந்தத் தலையணைப் புத்தகத்தை மேடம் தினமும் ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவார். அதைப் பஸ் நிறுத்தம் வரை சுமந்துபோகும் உரிமை குச்சிக்கு எப்படியோ கிடைத்தது. ஒரு மழை நாளில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குச்சி கேட்டேவிட்டார்.

"மேடம், என்னைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன? பிடிக்கும், பிடிக்காது, வேற ஏதாவது, இப்ப சொல்ல முடியாது."

மேடம் யோசித்துவிட்டு, "வேற ஏதாவது" என்றார்.

"அதை விவரமா எழு... சொல்லணும் மேடம்."

"கட்டிக்கலாம்னு இருக்கேன்."

நிச்சயம் முடிந்தது. மண்டபமும் பேசியாகிவிட்டது. குச்சி பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்துகிற அளவுக்குச் சந்தோஷத்தில் சதை போட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு. நான் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெருங்குழாய்க் கேஸ்களெல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. இதயத்திலிருந்து கிளம்பி மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறதல்லவா, அது சிலருக்கு ஓரிடத்தில் பலவீனமாகி, பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி புடைத்துக்கொள்ளும். சத்தம் போடாமல் கிடக்கும். ஒருநாள் வெடித்தாலும் வெடிக்கும். நம்பர் போடுகிறவருக்குத் தெரியவேண்டியது மூன்று. மார்பிலா வயிற்றிலா? வெடித்ததா வெடிக்காததா? வயிறு என்றால், சிறுநீரகத்துக்கு மேலா, பக்கத்திலா, கீழேயா? முன்பெல்லாம் வயிற்றுக்கு மொத்தமாக ஒரு நம்பர் போதும். பிறகு அதையும் கூறு போட்டுவிட்டார்கள். "வீக்கம்" என்று ஒற்றை வார்த்தை கிறுக்கிவிட்டுப் போகும் டாக்டர்களைத் துரத்தித் துரத்திக் கேட்டே குச்சிக்கு நாக்குத் தள்ளியது. தூக்கத்தில் கூட "வெடிச்சதா, வெடிக்காததா" என்று முனகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, டி.வி. ரிமோட்டை வயிற்றின்மேல் வைத்திருந்தார். தற்செயலாகப் பார்த்தால் ரிமோட் குதிக்கிறது. டொப், டொப் என்று இதயத்துடிப்புக்குத் தாளம் தப்பாமல். எடுத்துவிட்டுச் சீப்பை வைத்துப் பார்த்தார். சீப்பும் குதித்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வைத்தார். அது குதித்துக் கீழேயே விழுந்துவிட்டது.

குச்சிக்குச் சப்தநாடியும் ஒடுங்கியது. வயிறு. வெடிக்காதது. சிறுநீரகத்துக்குக் கீழே. படுத்த வாக்கிலேயே தனக்குத்தானே நம்பரைப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் நடமாடிய அழகைப் பார்க்க வேண்டுமே! நிறைகுடத்தை இடுப்பில் வைத்த மாதிரி நடை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக் கண் பிதுங்க விழுங்குவார். பஸ்ஸில் வேகத்தடை வரும்போது சீட்டை விட்டு எழுந்து கம்பியில் தொங்குவார். சிரிப்பை அறவே விட்டார். அலுவலகத்தில் யாராவது ஜோக் சொல்ல வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னால் மெல்ல மாடிப்படிக்கு நழுவினார். "கல்யாணக் களை வரும்னு பாத்தா உனக்குச் சோம்பேறிக் களைதான் வருது" என்று அம்மா முறைத்தார்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊருக்கெல்லாம் அந்த ஒரு புத்திமதியையே சொன்னவருக்குத் தன் விஷயத்தில் அது தோன்றவில்லை. பயம்தான், வேறென்ன?

மேடத்தின் பையைச் சுமப்பதும் நின்றது. முதல் நாள் முதுகுவலி என்றார். மறுநாள் வேறு வழியாகப் போய்விட்டார். ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். கல்யாணம் ஆகி, குழாய் வெடித்து, இந்தப் பெண் தனியாக நிற்பதா? இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் தன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதே பெரிது. அவரைப் போய்க் கலங்கவைப்பதா? நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழவும் பயம். அழுதாலும் வயிறு குலுங்குமே.

மறுநாள் கேண்டீனில் மேடத்தின் எதிரே போய் உட்கார்ந்தார், பதமாக.

"மேடம், இந்தக் கல்யாணம் வேண்டாம்."

மேடத்தின் கையிலிருந்த டம்ளர் பாதியில் நின்றது. "பையைத் தூக்காதப்பவே நினைச்சேன். வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. எனக்குக் குழாய் வீங்கியிருக்கு மேடம். பெருங்குழாய்."

பக்கத்து மேஜைகளில் ஸ்பூன் சத்தம் நின்றுபோனது. சுற்றிலும் இருந்தவர்கள் அத்தனை பேரும் நம்பர் போடுகிறவர்கள். சும்மா இருப்பார்களா?

"மார்புலயா வயித்துலயா?" என்றார் ஒருவர்.

"வயிறு."

"வெடிச்சதா வெடிக்காததா?" என்றார் இன்னொருவர்.

"ஏன்யா, வெடிச்சிருந்தா இங்க வந்து உக்காந்து பேசுவாரா?"

"விவரம் முழுசா வேணும்ல? சிறுநீரகத்துக்கு மேலயா, கீழயா?"

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க!" என்றார் மேடம். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் குரல் ஆடிட் குரலாகவே வந்தது. "எந்த டாக்டர் எழுதினாரு?"

குச்சி பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"கேக்கறேன்ல? எந்த டாக்டர்?"

"யாரும்... எழுதல மேடம்."

"யாருமே எழுதாம எதை வெச்சு நம்பர் போட்டீங்க?"

குச்சி தலையைக் குனிந்துகொண்டார். "ரிமோட்டை வெச்சு."

கேண்டீனே அதிர்ந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எழுதாத நோய்க்கு ஒரு தடவை கூட நம்பர் போடாத மனுஷன், சொந்த வயிற்றில் போய் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டார். மேடம் எழுந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டினார். குச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கல்யாணத்துக்கு முன்னால் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. குச்சியால் அதைக்கூட அனுபவிக்க முடியவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "துடிப்பு நல்லாத்தான் தெரியுது. எதுக்கும் சந்தேகத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டதும் குச்சி நாற்காலியோடு சரிந்தார். மேடம் தாங்கிப் பிடித்தார்.

"வெளிநோயாளிக்குச் சந்தேகத்தை வெச்சு நம்பர் போடக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "இந்த நிமிஷம் உங்களுக்கு நோயே இல்ல. வயித்துத் துடிப்பு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து சேக்கக் கூடாது."

அதட்டலாகத்தான் சொன்னார். ஆனால் பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். தேடித் தேடிக் கடைசியில் பிடித்த ஒரே ஆள் இது. கைவசம் இருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான், அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கேன் அறையில் குச்சியைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜில்லென்று ஏதோ பசையைப் பூசினார்கள். கருவியை வைத்து விலாப்பக்கம் உருட்டினார்கள். குச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே விலாவைத் தொட்டால் கூச்சம் அதிகம். ரிமோட் குதித்த நாளிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் அடியிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்தார். கட்டிலைப் பிடித்தார். முடியவில்லை. கட்டிலே ஆடுகிற மாதிரி வெடித்துச் சிரித்து, சிரிப்புக்கு நடுவில் "போச்சு! வெடிச்சிருச்சு! நம்பரை மாத்துங்க!" என்று அலறினார்.

கதவுக்கு வெளியே நின்ற மேடம் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார் ஸ்கேன்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. "குழாய் சரியான அளவுலதான் இருக்கு. இவரு ஒல்லியில்ல? வயித்துல சதையே கிடையாது. துடிக்கறது அப்படியே மேல தெரியுது. வாயு மட்டும் நிறைய இருக்கு. தும்மலைக் கிம்மலை அடக்கறாரா என்ன?"

டாக்டர் கையால் அதை எழுதி வாங்கிய பிறகுதான் மேடம் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். குச்சி பக்கத்தில் போய், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேடம், கல்யாண விஷயமா இப்ப உங்க முடிவு என்ன? நடக்கும், நடக்காது, வேற..."

"பேசாதீங்க!" மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாம கல்யாணம் பண்ணிக்கறோம். பேசின மண்டபம், பேசின தேதி. ஆமான்னு சொல்லுங்க."

"பதிலை வாயில திணிக்கறீங்களே மேடம்? இது ஆடிட்ல நிக்காதே."

"ஆடிட்டே நான்தான்."

குச்சி அதற்குமேல் யோசிக்கவில்லை.

"ஆமா" என்றார். மேடத்தின் தோளிலிருந்த தலையணைப் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.