ராசிபுரத்துக்குக் கொண்டுபோன விறைப்பு மாத்திரை

எண்பதுகளின் நடுவில், எட்டு மாதம், மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து ராசிபுரம் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. அங்கே தறி ஓட்டிய என் அக்கா வீட்டுக்காரர், ஓடு மாற்றும்போது கூரையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். அதற்குப் பிறகு கால்கள் இரண்டும் நினைத்தாற்போல் விறைத்துக்கொண்டு அவரைத் தூங்கவிடாமல் பாடாய்ப் படுத்தின. சேலம் டாக்டர் பேக்லோஃபென் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடிபட்ட நரம்பை அது சரியாக்காது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். ராசிபுரத்துக் கடைகளில் அப்போது கிடைக்கவில்லை. அதனால் நான்தான் தபால்காரன்.

ஒருமுறை நான் போன அன்று அமாவாசை, தறிகளுக்கு விடுமுறை. சூரமங்கலத்தில் ஒன்பதே காலுக்கு டவுன் பஸ், பத்து மணிக்கு ராசிபுரம் பஸ். இருபத்தேழு கிலோமீட்டர், மூன்று ரூபாய். காலையில் போனால் வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.

மாமா கட்டிலில் வேர்த்துக் கிடந்தார். கால்கள் உலக்கை மாதிரி விறைத்துத் துள்ளின.

"நேத்துல இருந்து மாத்தரையே போடல சாமி. சொன்னாக் கேக்கறாரா?" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அலஞ்சு வாங்கிட்டு வாரேன், இப்பிடிப் பண்ணலாமுங்களா மாமா?"

"கோவிச்சுக்காத மாப்ளே. அதப் போட்டாக் காலு தொவண்டு போயிருது, நிக்க முடியறதில்ல. வெறச்சிருந்தா செவுத்தப் புடிச்சு நின்னுக்குவேன். இன்னிக்கு எங்கப்பனுக்குக் காக்காச் சோறு வெக்கோணும். ஒக்காந்துக்கிட்டா வெப்பாங்க?"

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அறுபது ரூபாய்க்கு வாடகைக் கார் பிடித்துச் சேலம் கொண்டுபோனோம். வழியெல்லாம் சம்பந்தமில்லாமல் பேசினார். ஆளை இழந்துவிடுவோமோ என்று பயந்தேன். திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், ஜுரம், மனக்குழப்பம், வலிப்புகூட வரும் என்று டாக்டர் சத்தம் போட்டார். காரணத்தைக் கேட்டதும் தணிந்தார். "நிக்கறதுக்குக் கொஞ்சம் விறைப்பு வேணும். மொதல்லயே சொல்லியிருந்தா அளவை மாத்திக் கொடுத்திருப்பேனே."

எட்டு மாதம் மாத்திரை சுமந்தேன். அந்தக் கால்களை வைத்து என்ன செய்ய ஆசை என்று மாமாவை ஒருநாளும் கேட்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்த மாத்திரையை வெளியூருக்கு வாங்கிப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்கு உபரியாக வைத்திருங்கள். தூக்கம் வரும், மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. சாப்பிடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

மாமா தேறியபின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அடுத்த அமாவாசைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்தார். நான் தாங்கப் போனேன்.

"தள்ளி நில்லு மாப்ளே."

சோற்றை வைத்துவிட்டு, கும்பிட்டு முடித்த பிறகுதான் என் மேல் சாய்ந்தார்.