ஆட்டை யார் பார்த்தது?

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் அம்மா, எனக்கு அடுத்த சாக்கில் உட்காரும் அக்கா, ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து நடந்து வரும் ஓரகத்திகள் இரண்டு பேர், காது கேட்காத பெரியம்மா ஒருவர், மேஸ்திரி. எட்டாவது ஆள் யாரும் இல்லை. இதை இவ்வளவு கறாராக எழுதக் காரணம் உண்டு. அன்றைக்குப் பாடியதும் எதிர்த்துப் பேசியதும் என் அம்மாதான் என்று பின்னாளில் எங்கள் சொந்தக்காரர்களே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மகள் பயந்தாங்கொள்ளி, அவளுக்கு அவ்வளவு வாய் ஏது என்றார்கள். நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் பாடியது நான்.

அது ஒரு சேகோ பேக்டரி. வண்டி வண்டியாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்து இறங்கும். பெண்கள் வெளிக்கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்து கத்தியால் தோலை உரித்துத் தள்ளுவோம். அதை அரைத்துப் பால் எடுத்து ஜவ்வரிசி ஆக்குவது உள்ளே ஆண்களின் வேலை. நாலாம் வகுப்போடு என்னை நிறுத்தி அம்மா தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் சொல்லப்போகிற வருசம் எனக்குப் பதினெட்டு வயது. அதற்கு இரண்டு வருசம் முன்னால் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. கட்டுவதற்குப் பேக்டரியில் முன்பணம் வாங்கினோம். அப்போதிருந்து கூலியில் வாரம் எட்டணா பிடித்தார்கள். பாக்கி முப்பத்தொன்பது ரூபாய் எட்டணா நின்றது. நயா பைசா வந்திருந்தாலும் எங்கள் வாயை விட்டு அணா போகவில்லை.

கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுவேன். லோடு வரத் தாமதமானால் இன்றைக்குக் கூலி போச்சு என்று பயம்; சீக்கிரம் வந்தால் உரித்து முடியாதே என்று பயம். மேஸ்திரி இருமினால்கூட நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசிப்பேன்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கென்று தனிச் சாமியார் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை எட்டு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். முன்பணம் வாங்கிய பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமசுக்கும் நாங்கள் அந்தப் பூசையைப் பார்க்கவில்லை. இரண்டு தடவையும் லோடு வந்துவிட்டது. இறங்கிய கிழங்கு காத்திருக்காது, கறுத்துவிடும். இந்தத் தடவையாவது போகவேண்டும் என்று டிசம்பர் முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் மேஸ்திரி வந்து நின்றார்.

"நாளைக்கு விடியால ரெண்டு லோடு வருது. பாக்கி இருக்கறவிய ஒருத்தரும் வேலைக்கு வராம நிக்கப்படாது."

"நாளைக்கு எங்களுக்குப் பெருநாளுங்க," என்றாள் அம்மா.

"பாக்கியத் தீத்துப்போட்டுக் கொண்டாடுங்க, ஆரு வேண்டாங்கறா? வராட்டி உங்க ரெண்டு சாக்கையும் சுருட்டிப்போட்டு வேற ஆளை உக்கார வெச்சிருவேன்."

"செரிங்க" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மெல்ல என் பக்கம் திரும்பி, "ஊட்லயே செபம் சொல்லிக்கலாம் சாமி," என்றாள். மேஸ்திரி தராசுப் பக்கம் போனார்.

எனக்கு அழுகை முட்டியது. அடுத்த சாக்கு அக்கா முழங்கையால் இடித்தாள். அவள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். ஆனாலும் மாசம் முழுக்க நான் முனகும் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டுக் கேட்டு அதில் அவளுக்கு ஒரு பிரியம்.

"ஏம்புள்ள, மூஞ்சிய இப்பிடி வெச்சிருந்தா கிழங்கே அழுகிப்போவும். உங்க ஆட்டுக்காரங்க பாட்டைப் பாடு."

அது பழைய பாட்டு. எந்தச் சாமியார் காலத்தில் யார் கட்டியதோ தெரியாது. முதல் அடியில் இடையர்கள் வயலில் ஆடு காத்துக்கொண்டிருப்பார்கள், சம்மனசு என்கிற வானதூதர் வந்து நிற்கும். இரண்டாவதில், பயப்படவேண்டாம், பாலன் சேசு பிறந்திருக்கிறார் என்று சொல்லும். மூன்றாவதில் அவர்கள் பாலனைப் பார்க்கப் புறப்பட்டுப் போவார்கள். நான் தாழ்ந்த குரலில் இரண்டு அடி பாடினேன். கை தன் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது.

"இரு இரு," என்றாள் அக்கா. "அடுத்த அடில அவிய பாட்டுக்குப் போயிருவாங்கல்ல, அப்ப ஆட்டை ஆரு பாத்தது?"

ஓரகத்திகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயதில் இதே கேள்வியைக் கேட்டு, செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் தலையில் குட்டு வாங்கியவள் நான். பாலனுக்குக் குளிருமே என்று மற்றப் பிள்ளைகள் கவலைப்பட்டபோது எனக்கு ஓநாய் வருமே என்று கவலை.

"சம்மனசு பாத்திருக்கும்," என்றாள் மூத்த ஓரகத்தி.

"அதுக்கு ஆடு மேய்க்கத் தெரியுமா? றெக்கையப் பாத்தா ஆடு மெரளும்," என்றாள் அக்கா. "எங்கப்பன் பண்ணையத்துல ஆடு மேய்ச்சவரு, எனக்குத் தெரியாதா? ஆடு அவியளுது கெடையாது புள்ள. கூலிக்கு மேய்க்கறவிய. ஆடு தொலைஞ்சா கூலில புடிப்பாங்க. அவியளுக்கும் ஒரு மேஸ்திரி இருந்திருப்பான்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. இத்தனை வருசம் பாடியும் எனக்கு இது தோன்றியதில்லை. சம்மனசு லீவு கிடைத்தவர்களைத் தேடிப் போகவில்லை. வேலையில் இருந்தவர்களிடம் வந்தது. முதலில் சொன்னதே பயப்படாதே என்றுதான். அப்படியானால் அவர்கள் பயந்திருக்கிறார்கள். யாரிடம் கேட்டுக்கொண்டு போனார்கள்? பாட்டில் அந்தப் பேச்சே இல்லை. போனார்கள், அவ்வளவுதான். அதுவரை சேசு எனக்கு அம்மாவின் சாமி. கோயிலில் இருப்பவர், நாம் குளித்துவிட்டுப் போகவேண்டும். அன்றைக்குத்தான் அவர் கிழங்குத் தோலுக்கு நடுவில் எனக்கு ஆள் அனுப்பியதுபோல் இருந்தது.

மூன்றாவது அடியை வாய்விட்டுப் பாடினேன். மேஸ்திரி திரும்பி வந்தார்.

"ஏய் புள்ள, இதென்ன கோயிலா? நிறுத்து."

நிறுத்தவில்லை. சுருதி எங்கேயோ போனது. கத்தியை மட்டும் வேகமாக ஓட்டினேன், வேலை நின்றது என்று அவர் சொல்லிவிடக் கூடாது. கடைசிச் சொல்வரை பாடி முடித்துவிட்டுச் சொன்னேன்.

"நாளைக்குக் காத்தால நாங்க வரமாட்டமுங்க. மத்தியானம் வாரோம்."

"அப்ப பாக்கி?"

"இருக்குதுங்க. அதை எடுத்துக்கிட்டு எங்கீங்க ஓடப்போறோம்?"

"ஆளுக்கு ஒரு ரூபா அபராதம் எழுதுவேன்."

"எழுதிக்குங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்று சத்தமாகக் கேட்டாள்.

மறுநாள் அம்மா வரமாட்டேன் என்று படுத்திருந்தாள். நான் தனியாகக் கிளம்பினேன். வாய்க்கால் தாண்டும்போது பின்னால் செருப்பில்லாத கால் ஓசை கேட்டது. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா வந்துகொண்டிருந்தாள்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். லத்தீன் பூசை முழுக்க என் சாக்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து குடிலுக்கு முன்னால் அந்தப் பாட்டைத் தொடங்கியதும் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன். குடிலில் மண்ணாலான இடையர்கள் மூன்று பேர் மண்டியிட்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஆட்டைப் பற்றிப் பயம் இருந்திருக்கும். அதற்காக வராமல் இருந்துவிடவில்லையே.

மத்தியானம் கொட்டகைக்குள் நுழைந்தோம். எங்கள் சாக்குகள் இரண்டும் போட்ட இடத்திலேயே கிடந்தன. அக்கா தன் சாக்கை விட்டுவிட்டு அவற்றின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உரித்த கிழங்கு இரண்டு கூடை, எங்கள் கணக்கில் போட.

"வாங்க ஆட்டுக்காரங்களே," என்றாள். "ஆடு பத்திரமா இருக்குது."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஆட்டை நினைத்து எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மேஸ்திரி சொன்னது சொன்னபடி நோட்டை எடுத்து வந்தார். முதலாளிக்குப் பதில் சொல்லோணும் என்று எங்கள் முகத்தைப் பார்க்காமலே எழுதினார். எழுதியதை நான் எழுத்துக்கூட்டி வாசித்துச் சரிபார்த்தேன். அபராதம் இரண்டு ரூபாயும் சேர்த்துப் பாக்கி நாற்பத்தொரு ரூபாய் எட்டணா.