பாம்புக்காதுக்காரர் குடித்த எண்ணெய்

குடிநீர்ப் பிரிவில் எல்லோரும் அவரைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பது அவர் வேலை. வண்டி வாகனம் கிளம்பும் முன்பே, விடியற்காலையில், இடுப்புயர இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றிக் குந்துவார். அதன் மேல்முனையில் உள்ள கிண்ணத்தில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இங்க தோண்டு" என்றால் அங்கே தண்ணீர் இருக்கும். மண்வெட்டிக்காரர்கள் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை.

குந்திக் குந்தி எழுந்ததில் அவர் முழங்கால் தேய்ந்துவிட்டது. வீடு வீடாக வாசனை எண்ணெய் விற்றுவந்த கொழுந்தியாள் ஒரு பழுப்புக் குப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"விண்டர்கிரீன் எண்ணெய், மாமா. இலையில இருந்து எடுத்தது. வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிங்க. மாத்திரையெல்லாம் வெறும் கெமிக்கல்."

மூடியைத் திறந்ததும் வலிக்குத் தடவும் களிம்பின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. குடித்தார். சுகமாக இருந்தது. ரெண்டு சொட்டு கால் ஸ்பூனாயிற்று. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வலி போன இடம் தெரியவில்லை என்று கொழுந்தியாளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்.

அப்புறம் ஒருநாள் கடைத்தெருவில் தரைக்கடியில் சோவென்ற இரைச்சல் கேட்டது. தோண்டச் சொன்னார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரத்தின் வாடைகூட இல்லை.

"அண்ணே, குழாய் நல்லாத்தான் இருக்கு" என்றான் மண்வெட்டிக்காரன்.

"இன்னும் கீழ போ. எனக்குக் கேக்குது."

குழாய்க்கும் கீழே தோண்டினார்கள். ஒன்றுமில்லை. அவரே பள்ளத்தில் இறங்கி வெறும் மண்ணில் காதை வைத்தார். இரைச்சல் கிட்டே வந்தது போலிருந்தது. மேலே ஏறி வந்தவர், கம்பியைத் தரையிலிருந்து எடுத்து அந்தரத்தில் பிடித்துக் கேட்டார். சத்தம் நிற்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சுவரில் காது வைத்தார், கட்டில் காலில் வைத்தார். மனைவி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். அவள் வாயே திறக்காதபோது, "குழாயை யாரு திறந்துவிட்டது?" என்று சீறுவார். உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. வியர்வையிலும் அந்தக் களிம்பு வாசனை. ஒரு மத்தியானம் படுக்கையறைத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்தப் பக்கம் குழாயே கிடையாதே!"

"மெதுவாப் பேசு" என்றார். "அடியில ஆறே ஓடுது."

அவள் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா குனிந்து அவர் மூச்சை மோந்துபார்த்தார். "என்ன குடிக்கிறார்?" என்று கேட்டதும் மனைவி வீட்டுக்கு ஓடிப்போய்க் குப்பியை எடுத்துவந்தாள்.

"இதுல ஒரு ஸ்பூன், இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். தண்ணி எங்கயும் ஓடலம்மா. விஷம் ஏறினதால அவர் காதுதான் இரையுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்கமாட்டார்."

ஊசியும் சலைனும் ஏற ஏற இரைச்சல் மெல்ல அடங்கியது. மனைவி அதோடு விடவில்லை. குப்பியை எடுத்துக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். "மருந்துன்னு போட்டு விக்கலையேம்மா" என்றார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில், "சாப்பாட்டுப் பொருள்னும் போடல. அறைக்கு வாசனைன்னுதான் போட்டிருக்கு" என்றார்கள். அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடிக்கலாம் என்று எங்கேயும் அச்சில் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. குடிக்கச் சொன்னது வாய்தான். அந்த வாய்க்கு எந்த அலுவலகமும் பொறுப்பில்லை. கடைசியில் ஓர் அதிகாரி புகாரை வாங்கிக்கொண்டு, "விசாரணைக்கு நாளாகும். வித்ததை முதல்ல திரும்ப வாங்குங்க" என்றார்.

கொழுந்தியாள் அழுதாள். "எண்ணெய் கம்பெனிக் கூட்டத்துல எனக்குச் சொன்னதைத்தானே மாமா நான் சொன்னேன்."

"அழுது என்ன ஆகப்போகுது? யார் யாருக்குக் கொடுத்தே, வீட்டைக் காட்டு. நானும் வர்றேன்" என்றார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பாம்புக்காது.

சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரின் வீடு திறந்தே கிடந்தது. வாசலிலேயே அந்த வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே டி.வி. காது கிழிய அலறியது. டிரைவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கியது.

"ஐயா!" என்றாள் கொழுந்தியாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

பாம்புக்காது முன்னால் போய் நின்றார். டிரைவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வாங்க வாங்க. என்ன, நனையாம வந்துட்டீங்க? காலையில இருந்து மழை விடவே இல்லையே!"

வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "குடை இருக்கு, வாங்க போகலாம்" என்று பாம்புக்காது டிரைவரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கொழுந்தியாள் வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.